நாற்பத்து மூன்றாம் பை

கடிதத்தை மேலாளர் சுந்தரராஜே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ‘மாதிரிப் பைகளில் எண்களை மாற்றி எழுதியது என் கவனக்குறைவு’ என்று பொன்செல்விக்காக அவரே மனம் வருந்தியிருந்தார். மேலே குறிப்பாணை எண் 7 என்று போட்டிருந்தது.

பொன்செல்வி அதை இரண்டு முறை வாசித்தாள். சாயர்புரத்தில் வேதியியல் படித்தவள். ஆறு வருடமாக இந்த மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆய்வகம் அவள் பொறுப்பு. இதில் கையெழுத்து விழுந்தால் தூத்துக்குடியில் வேறெந்த ஆய்வகமும் அவளை உள்ளே விடாது. எதிரில் இருந்தவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் பேனாவின் மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். தேறிய சரக்கு என்று அனுப்பிய கணவாய் மீனில் ஃபார்மலின் மருந்து இருப்பதை வாங்குபவரின் ஆள் கண்டுபிடித்துவிட்டான். தேறாதது என்று தள்ளிய பெரியதாழை மீனவர் சிலுவையின் கணவாயோ மறுசோதனையில் சுத்தமாக இருந்தது. எங்கோ எண் மாறியிருக்கிறது. பையில் எண் எழுதுகிறவள் பொன்செல்வி. அதற்குமேல் யோசிப்பது சுந்தரராஜின் பதவிக்குப் பழக்கமில்லை.

சிலுவை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“எங் கணவாயில மருந்து அடிக்கேன்னு ஊரு பூரா பேசுதான்வ. சோதனை பண்ணது நீதானா தாயி?”

“நான்தான். உங்க சீட்டு இருக்கா?”

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வேர்வையில் நைந்த தாள். சிலுவை, பெரியதாழை, கணவாய், எண் 43.

பொன்செல்வி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மௌனம் அந்தக் கம்பெனியில் பெயர்போனது. சுந்தரராஜ் அதைத் திமிர் என்பார். அவளைப் பொறுத்தவரை, முட்டாள்களுக்கு அவள் கொடுக்கும் கால அவகாசம் அது. ஒருவரும் பயன்படுத்திக்கொண்டதில்லை.

சரக்கு வந்ததும் கொள்முதல் பிரிவில் பதிவார்கள். கணினி ஓர் எண் தரும். பெயரும் எண்ணும் போட்ட சீட்டு சரக்குக்காரருக்கு. வெறும் எண் மட்டும் போட்ட சீட்டு மாதிரியோடு ஆய்வகத்துக்கு. பெயர் தெரிந்தால் தயவு தாட்சண்யம் வந்துவிடுமாம். அவள் அந்த எண்ணை அழியாத மையால் பையில் எழுதுவாள். மறுநாள் கணினியில் அதே எண்ணைத் திறந்து முடிவைப் பதிவாள். ஃபார்மலின் இருந்தது நாற்பத்திரண்டாம் பையில். சிலுவையின் நாற்பத்து மூன்று சுத்தம்.

“கம்ப்யூட்டர்ல சிலுவைக்கு நாப்பத்திரெண்டுன்னுதாம்மா இருக்கு” என்றார் சுந்தரராஜ். “சீட்டு பழசு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“அப்ப சீட்டைக் குடுத்தது யாரு சார்? எங்க கோயில் உபதேசியாரா?” என்றார் சிலுவை.

மென்பொருள் எழுதிய ஜெயகணேஷை வரச் சொன்னார்கள். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

“அன்னைக்கு ஏதாவது பதிவை அழிச்சாங்களா?” என்று கேட்டாள் பொன்செல்வி.

“முப்பத்தெட்டு மேடம். லோடு வரல, அதான் பர்ச்சேஸ்ல டெலிட் பண்ணாங்க. என்ன இப்ப?”

“இப்ப மூணாவதை அழிங்க. சோதனைக்கு வச்சிருக்கிற நகல்ல.”

அழித்தான். நான்காவது மூன்றானது, ஐந்தாவது நான்கானது. பட்டியல் முழுக்க ஒரு படி மேலேறி, காலி இடமே இல்லாமல் நெருங்கி உட்கார்ந்துகொண்டது.

“நாப்பத்து மூணு எங்கன போச்சு பாருங்க” என்றாள் அவள். “முப்பத்தெட்டு போனதும் இவரு நாப்பத்திரெண்டாயிட்டாரு. பையில மை அப்படியே இருக்கு. நான் நாப்பத்திரெண்டைத் திறந்து ‘தேறல’ன்னு போட்டேன். அது இவரு தலையில விழுந்துச்சு.”

ஜெயகணேஷ் பெருமையாகவே சொன்னான். “அது ஃபீச்சர் மேடம். இது எம்பெடட் டேட்டாபேஸ். சர்வர் கிடையாது, புரோகிராமுக்குள்ளயே இருக்கும். ரெக்கார்டை அழிச்சா பின்னால உள்ள நம்பர் நகரணுமா, அப்படியே நிக்கணுமான்னு நாமதான் சொல்லணும். சார் நகரணும்னு சொன்னாங்க.”

“நடுவுல நம்பர் விட்டுப்போனா ஆடிட்டர் கேப்பான்லா?” என்றார் சுந்தரராஜ்.

ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது. அதற்காக இருபது பேருடைய சரக்கு அடுத்தவன் பெயரில் போகலாம். பொன்செல்வி அவருடைய வாரிய தலையைப் பார்த்தாள். அதிலும் இடைவெளி தெரியாமல் ஒரு பக்கத்து மயிரை மறுபக்கம் இழுத்துவிட்டிருந்தார்.

“பத்து நிமிஷத்துல சரி பண்ணுதேன்” என்று உட்கார்ந்த ஜெயகணேஷ், ஐந்தே நிமிடத்தில் நிமிர்ந்தான். “இப்ப அழிச்சுப் பாருங்க, நகராது.”

நகரவில்லை. அவள் பட்டியலின் கடைசிப் பதிவை அழித்தாள். எண் அறுபது. புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். அதற்கும் எண் அறுபது.

“இது வேற ஆளு. பழைய அறுபதோட பை என் ஃப்ரீசர்ல கெடக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா?”

“இருக்கிறதுல பெரிய நம்பரோட ஒண்ணு கூட்டும் மேடம். கடைசி போயிட்டா அது திரும்ப வரத்தான் செய்யும்.”

“வரக் கூடாது. ஒருதடவை குடுத்த நம்பரை இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. கடைசியா குடுத்த நம்பர் எதுன்னு புரோகிராமைத் தனியா எழுதி வச்சுக்கிடச் சொல்லுங்க. அழிஞ்ச எடம் காலியாவே கெடக்கட்டும்.”

“கேப் விழுமே” என்றார் சுந்தரராஜ், வயிற்றில் அடிபட்டவர்போல.

“விழட்டும்.”

சுந்தரராஜ் கடிதத்தைக் கையில் எடுத்தார். “சரிம்மா, இதை விடுங்க. கிழிச்சிருதேன். ஏழாம் நம்பரை வேற எதுக்காவது போட்டுக்கிடலாம்.”

“கிழிக்காதீங்க.”

அவர் கை நின்றது.

“அடுத்த வருசம் ஏழாம் நம்பர்ல வேற எதுக்கோ போட்ட குறிப்பாணை இருக்கும், அது எனக்குக் குடுத்ததுன்னு இந்த ஆபீஸ்ல நாலு பேருக்கு ஞாபகம் இருக்கும். இது ஃபைல்லயே இருக்கட்டும். குறுக்க ‘ரத்து’ன்னு எழுதி, தப்பு மென்பொருளோடது, சிலுவை சரக்கு சுத்தம்னும் எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க. ஒரு நகல் எனக்கு, ஒண்ணு அவருக்கு.”

அவள் கையெழுத்துக்காகத் திறந்துவைத்த பேனாவால் சுந்தரராஜ் எழுதினார். ‘ரத்து’ என்ற சொல்லை முடிக்க அவருக்கு அரை நிமிடம் பிடித்தது.

சிலுவை நகலை வாங்கி, நைந்த சீட்டோடு சேர்த்து மடித்துக்கொண்டார். “ஏலே கம்ப்யூட்டரு” என்று ஜெயகணேஷைப் பார்த்தார். “கடல்ல போன ஆளு திரும்பி வரலன்னாக்கூட நாங்க அவன் பேரை அடுத்தவனுக்குப் போட மாட்டோம்லே.” பிறகு பொன்செல்வியிடம், “வாரேன் தாயி” என்றார்.

அவர் போனதும் சுந்தரராஜ் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“எதுக்கும் இனிமே பையில பென்சில்ல எழுதுங்கம்மா. நம்பர் மாறுனா அழிச்சு எழுதிக்கிடலாம்லா?”

பொன்செல்வி அவரைப் பார்த்தாள். நேரே ஆய்வகத்துக்குப் போனாள். ஈரப் பை ஒன்று மேசையில் காத்திருந்தது. துடைத்துவிட்டு, அழியாத மையால் எண்ணைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.