தலை ஃபேர்மீடில், கால் கார்பினில்

எங்கள் வீடு மூன்று வருடமாக மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. வேகமாக இல்லை. குளிர்காலத்தில் சோம்பிக் கிடக்கும். பனி உருகியதும் மாதம் ஒரு சாண் போகும். வாசல்படிகள் மட்டும் கூட வரவில்லை. அவை பழைய இடத்திலேயே நிற்கின்றன. ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, புல்லில் கொஞ்ச தூரம் நடந்துதான் கதவைத் தட்ட வேண்டும். தபால்காரர் முதல் வாரம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். இதையெல்லாம் நான் சொன்னதாக அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். வீட்டைப் பற்றி வெளியே வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

எங்கள் கொல்லையில், துணிக் கம்பத்துக்கும் மரக் கொட்டகைக்கும் நடுவே ஒரு கோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாது. கோட்டுக்குக் கிழக்கே கறுப்பர்கள் நாங்கள் இருக்கும் கார்பின், மேற்கே வெள்ளைக்காரர்களின் ஃபேர்மீட். கிழக்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், மேற்கே இருப்பவர்களுக்கு வேறு பள்ளிக்கூடம். எங்கள் கார்பின் பள்ளியில் வேதியியல் எடுப்பவர் கால்பந்துப் பயிற்சியாளர். ஆய்வுக்கூடத்தில் எரிவாயு நின்று பல வருடமானதால், அமிலம் கொதிப்பதை அவர் கையை ஆட்டி நடித்துக் காட்டுவார். நன்றாகவே நடிப்பார். ஃபேர்மீடில் ஒவ்வொரு மேசையிலும் நெருப்பு எரியும். அந்த நெருப்பை ஒரு போட்டிக்குப் போனபோது பார்த்துவிட்டேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிடவும் இல்லை. அம்மா, பெயர் லவோன் பெட்வே, மருத்துவமனையில் துணி வெளுக்கிறவள், பாத்திரம் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்து, "ஒரு இருபதடி அந்தாண்ட கட்டியிருக்கக் கூடாதா உன்னை?" என்றாள். மறுநாள் காலை அடுப்பங்கரைக் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியது. வீடு கிளம்பிவிட்டது.

தெருவில் ஆளுக்கொரு அபிப்பிராயம். பக்கத்து வீட்டு மிஸ்டர் பூனுக்கு இது பிடிக்கவில்லை. "வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியே ஓடணுமா லவோன்? நம்ம பள்ளிக்கூடத்தை நாம சரி பண்ணுவோம்."

"பண்ணுங்கண்ணே, வேணாம்னா சொல்றேன்? அதுவரைக்கும் இவ வயசு நிக்குமா?"

மிஸ்டர் பூன் தன் வேலியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

போன வசந்தத்தில் என் அறை கோட்டைத் தொட்டது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஃபேர்மீடில் சேர்த்தாள். அங்கே விதி எளிமையானது: பிள்ளை எங்கே தலை வைத்துப் படுக்கிறதோ அதுதான் அதன் ஊர். சேர்த்துக்கொண்டார்கள். ஆலோசகர் அம்மையார் என் மதிப்பெண்களைப் பார்க்காமல் என் கால்களைப் பார்த்து, "ஓட்டப்பந்தயமா, கூடைப்பந்தா செல்லம்?" என்றார். நான் ஐந்தடிகூட இல்லை. வேதியியல் என்றேன். "அடேயப்பா, எவ்வளவு அழகா பேசறே!" என்றார். என் மேசையில் நெருப்பு எரிந்ததால் மற்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் குடியிருக்கும் மிசஸ் ஹாஃப்மன்தான் புகார் கொடுத்தது. நல்ல மனுஷி, கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பாள். "எனக்கு நிறவெறியெல்லாம் கிடையாதும்மா. அந்த வீட்டு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா வீடுன்னா ஒரு இடத்துல இருக்க வேணாமா?"

புகாரை விசாரிக்க ஹால்வர்சன் என்ற ஆய்வாளர் ஒரு விடியற்காலையில் சுண்ணாம்புக் கட்டியோடு வந்தார். என் அறைத் தரையில் கோடு இழுத்து, சுவரில் ஏற்றி, கட்டிலின் குறுக்கே கொண்டுபோனார். அது என் கழுத்துக்குச் சற்றுக் கீழே விழுந்தது. தலை ஃபேர்மீடில், மிச்சமெல்லாம் கார்பினில்.

"பாதிக்கு மேல கார்பின் பக்கம் இருக்கும்மா," என்றார் அவர்.

"விதியில தலைன்னுதானே சார் போட்டிருக்கீங்க? தலை இந்தப் பக்கம்தான் இருக்கு," என்றாள் அம்மா.

அவர் நேர்மையானவர். நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார்: இனி எந்த விடியலில் வேண்டுமானாலும் வருவார். ஒரு தடவை தலை கோட்டுக்குக் கிழக்கே கிடந்தாலும் எனக்குப் பள்ளி போய்விடும், அடுத்த ஊர்ப் பள்ளியில் பொய் சொல்லிச் சேர்த்ததாக அம்மா மேல் கல்வித் திருட்டு வழக்கு வரும். ஜெயில்கூட உண்டு.

எனக்குப் பயம் அதிலிருந்துதான். நான் தூக்கத்தில் உருளுகிறவள். சின்ன வயதில் இந்தக் கோடியில் படுத்து அந்தக் கோடியில் எழுந்திருப்பேன். அம்மா இரண்டு பக்கமும் சோளமாவு மூட்டைகளை அண்டக் கொடுத்தாள். அப்படியும் நான் கண்ணை மூட மாட்டேன். கழுத்தைத் திருப்பினால் அம்மா ஜெயிலுக்குப் போவாள் என்றால் யாருக்குத் தூக்கம் வரும்? வகுப்பில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி, முன்முடியைக் கருக்கிக்கொண்டேன்.

கோடையில் பள்ளி வாரியம் எங்களைக் கூப்பிட்டது. மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வீட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

ரூஃபஸ் மாமா எழுந்தார். அம்மாவுக்குத் தம்பி, பேருந்து ஓட்டுகிறவர். "எப்படி சார்? பேர் சொல்லிக் கூப்பிட்டா வருமா?"

சிரிப்பு அடங்கியதும் அவர் உட்காரவில்லை. "எங்க தாத்தா இந்தத் தெருவுல வீடு வாங்கறப்போ உங்க கோடு எங்க இருந்துச்சு? வாசலுக்கு முன்னாடி. நாங்க குடி வந்ததும் அது எங்க வீட்டுக்கு அடியில பூந்து கொல்லைக்குப் போயிடுச்சு. கோடு நடந்தப்போ யாரும் அளக்க வரல. வீடு நடந்தா மட்டும் சுண்ணாம்பு எடுத்துட்டு வர்றீங்களே!"

தலைவர் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது: கோட்டையே இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளுவது. வாரியத்தார் எல்லோரும் கை தூக்கினார்கள், மிசஸ் ஹாஃப்மன் கை தட்டினாள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். போச்சு, நடித்துக் காட்டும் அமிலத்துக்கே திரும்பப் போகிறேன் என்று நினைத்தேன். ஹால்வர்சன் சுவர் வரைபடத்தில் புதுக் கோட்டை இழுத்தார். அது மிசஸ் ஹாஃப்மன் வீட்டுக்குள் நுழைந்து, மாடி ஏறி, அவள் பேரன் டைலரின் தலையணையைத் தாண்டிப் போய் நின்றது. அந்த வரிசையில் ஃபேர்மீட் பக்கம் ஒரு தலையும் மிச்சமில்லை.

"அப்போ டைலர் எங்க படிப்பான்?" என்றாள் மிசஸ் ஹாஃப்மன்.

"கார்பின்லதாங்க," என்றார் ஹால்வர்சன், அவரும் அப்போதுதான் புரிந்துகொண்டவராக.

"அங்கயா? அங்க ஆய்வுக்கூடத்துல நெருப்புகூட இல்லையாமே!"

மிஸ்டர் பூன் எழுந்து, "அதைத்தாங்க நாங்களும் சொல்லிட்டிருக்கோம்," என்றார். கோடு பழைய இடத்துக்கே திரும்பியது. வீடு இருக்கிறபடி இருக்கட்டும், அது எங்கே நிற்கிறதோ நாங்கள் அங்கே குடியிருப்பவர்கள் என்று கொள்ளலாம் என்று எழுதினார்கள்.

இப்போது என் கட்டில் முழுவதும் ஃபேர்மீடுக்கு வந்துவிட்டது, கால்விரல் வரை. மூட்டைகளைப் பிரித்து அம்மா ரொட்டி சுட்டுவிட்டாள். நான் குறுக்கேயும் நெடுக்கேயும் உருண்டு தூங்குகிறேன். குளியலறை மட்டும் இன்னும் கார்பினில். தினமும் காலையில் சொந்த ஊருக்குப் போய்வருகிறோம் என்பார் ரூஃபஸ் மாமா.

நேற்று மிஸ்டர் பூன் வீட்டில் பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவருக்கு ஆறாவது படிக்கும் பேத்தி இருக்கிறாள். அவர் வெளியே வந்தார், தன் வாசல்படிக்கும் சுவருக்கும் நடுவே விழுந்திருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய், அங்கே நின்றிருந்த காரை வீடு இடிக்காதபடி கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.