வாசிக்காத பதினான்கு பக்கம்

தரமணியில் இருக்கும் அந்தக் கம்பெனியின் மனசாட்சி நாலாவது மாடியில், கேண்டீனை ஒட்டின அறையில் குடியிருந்தது. இரண்டு நாற்காலி, காய்ந்துபோன ஒரு மணிபிளான்ட், ஒரு டெரன்ஸ். அவ்வளவுதான் அது. விசிட்டிங் கார்டில் 'சமூக நலப் பிரிவு' என்று போட்டிருக்கும். மற்ற மாடிகளில் கம்ப்யூட்டர் பேசுகிற குரல் விற்றார்கள்; டெரன்ஸ் குரலைத் தானம் பண்ணினான். இரண்டும் ஒரே சரக்கு என்பது அவனுக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று. ட்யூப்லைட் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கினவன்.

தானம் இதுதான். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுக்கப்போகிறவர்களை, ஆபரேஷனுக்கு முன்னால் கூட்டிவந்து ஒரு கண்ணாடி அறையில் உட்கார்த்தி அறுநூறு வாக்கியம் வாசிக்கச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும். பிற்பாடு அவர்கள் போனில் எழுதினால், போன் அவர்கள் குரலிலேயே பேசும். ஒரு பைசா வாங்குவதில்லை. திட்டத்தின் பெயர் மறுகுரல்.

ஆரோக்கியநாதன் அங்கிளை டெரன்ஸ்தான் கூட்டிவந்தான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிட, மயிலாப்பூரில் அவர்கள் பங்குக் கோயிலில் முப்பது வருஷம் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசித்தவர். டெரன்ஸ் பொடியனாக பெஞ்சில் நெளிந்த காலத்திலிருந்து அந்தக் குரல்தான் அங்கே மேலே போய், நின்று, படிப்படியாக இறங்கிவந்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடிக்கும். மொத்தக் கோயிலும் "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்லும். தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூடத் தூக்கம் கலையாமல் சொல்வார்கள்.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம். படிக்கணுமா தம்பி என்று அவர் கேட்டார். சும்மா ஃபார்மாலிட்டி அங்கிள் என்றான் டெரன்ஸ். அவனும் படித்ததில்லை. முப்பது வருஷம் ஊருக்கே வாசித்துக் காட்டின மனுஷன், கோயில் பையன் சொன்னான் என்பதற்காக, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒன்றில்தான்.

அங்கிள் ஒரு தப்புச் செய்தார். வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மைக்கைப் பார்த்ததும் கையைக் கட்டி நிமிர்ந்து நின்று, வீட்டில் பேசுகிற குரலை விட்டுவிட்டு, வாசகம் வாசிக்கிற குரலை எடுத்துவிட்டார். "இருபத்தொன்று ஜி பஸ் எத்தனை மணிக்கு வரும்?" என்ற வாக்கியம் விண்ணிலிருந்து இறங்கியது. டெரன்ஸ் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்தானே தவிரத் திருத்தவில்லை.

அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும் அது திருவசனமாக வந்தது. ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்து போனைத் தட்டினார். "ரசத்தில்... உப்பு... குறைவாக இருக்கிறது" என்று அது முழங்க, அவர் மனைவி மர்சலின் ஆன்ட்டி கரண்டியும் கையுமாக "இறைவா உமக்கு நன்றி" என்றுவிட்டாள். அன்றைக்கு அங்கிள் சத்தமே வராமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பெரிய மகள் சோஃபியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பூசையில் முதல் வாசகம் நான்தான் என்று போனில் எழுதிக் காட்டினார். போனை மைக் முன்னால் பிடித்துக்கொள்ள ஃபாதரும் சம்மதித்தார். இரண்டு வருஷமாகக் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஒரு வாசகம் போதுமாக இருந்தது.

கல்யாணம் சனிக்கிழமை. அதற்கு முந்தின திங்களன்று டெரன்ஸை சுஹாஸ் கூப்பிட்டனுப்பினான். சுஹாஸ் திட்டங்களுக்கெல்லாம் தலை. கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டமே.

மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்று பெரிய ஒப்பந்தத்தோடு வந்திருந்தது. க்ளெய்ம் கேட்டவர்களுக்கு 'கிடையாது' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு குரல் வேண்டும். சட்டப்படி, சொல்லி முடித்ததும் ஒரு பீப் ஒலிக்கும். மறுப்பு இருந்தால் அப்போதே சொல்லலாம், சொன்னால் ஃபைலைத் திரும்பத் திறக்கவேண்டும். மற்ற குரல்களில் சோதித்தபோது நூற்றுக்கு அறுபது பேர் சண்டைக்கு வந்தார்கள். ஆரோக்கியநாதன் குரலுக்கு ஒன்பது பேர்.

"அந்தக் குரல்ல சொன்னா ஜனங்க ஒத்துக்கறாங்கடா," என்றான் சுஹாஸ். "ஆனா வேற யாருக்கும் தரக்கூடாதுங்கறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவங்களுக்கு மட்டும்தான்."

அங்கிளுக்கு, என்று டெரன்ஸ் ஆரம்பித்தான். அவருக்கும் கிடையாது, என்றான் சுஹாஸ். கம்பெனி விற்கிற குரல் வேறு பதினொன்று இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், ஆயுசுக்கும் இலவசம். ஒன்பதாம் பக்கத்தில் இதற்கெல்லாம் அவர் சம்மதித்திருக்கிறார்.

"யோசிச்சுப் பாரு மச்சி. இந்த ஒப்பந்தம் வரலைன்னா மறுகுரலையே மூடச் சொல்றாங்க. ஒரு குரலைக் கொடுத்தா திட்டத்துல மத்த முந்நூத்திப் பன்னண்டு பேர் பேசிக்கிட்டிருப்பாங்க. இதுக்குப் பேர்தான் பேலன்ஸ்."

தராசைப் பிடித்திருக்கிறவன் எந்தத் தட்டிலும் உட்காருவதில்லையே என்று டெரன்ஸுக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து வாயில் சமோசா. பேசவேண்டிய நேரத்தில் சமோசா குறுக்கே வந்த கதையை அவன் பிற்பாடு பலரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். சமோசா தீர்ந்த பிறகும் அவன் பேசவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனாலும் திருட்டு மூளை ஒன்று அவனுக்கு உண்டு. வியாழக்கிழமை சாயங்காலமே அங்கிள் வீட்டுக்குப் போனான். குரல் இருக்கும்போதே வாசகத்தைப் போனில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிந்துகொண்டால் சனிக்கிழமை அதை ஒலிபரப்பிவிடலாம், கம்பெனிக்குத் தெரியப்போவதில்லை. கல்யாண வீட்டில் மாவிலையும் சீரியல் பல்பும் ஏறிக்கொண்டிருந்தன. அங்கிளைத் தனியாக அறைக்குள் உட்காரவைத்து, குரல் இன்னொரு கம்பெனிக்குப் போவதையும் இந்த யோசனையையும் நல்ல செய்தி போலச் சொல்லி முடித்தான்.

அங்கிள் போனைத் தட்டினார்.

"என் குரல்... யாரிடம்... என்ன பேசும்?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யும் அவனுக்கு நேரத்துக்கு வராது. சுஹாஸ் அனுப்பியிருந்த மாதிரியைத் தன் போனில் போட்டுக் காட்டினான். அந்தப் பழகின குரல் மேலே போய், நின்று, இறங்கியது: "தாங்கள் அனுப்பிய விண்ணப்பம்... விதிகளின்படி... ஏற்கப்படவில்லை."

சமையலறையிலிருந்து மர்சலின் ஆன்ட்டி எட்டிப்பார்த்தாள். "யாரு கேட்டதை ஏத்துக்கலைன்றீங்க? சம்பந்தி வீட்லேர்ந்து எதுனா கேட்டாங்களா?"

அங்கிள் அவளைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். அவள் போன பிறகு மறுபடி எழுதினார். எழுதியதை அழித்தார். திரும்ப எழுதினார். டெரன்ஸ் பதிவு பண்ணத் தன் போனைப் பக்கத்தில் நகர்த்தினான். அங்கிள் பேச்சுப் பொத்தானை அமுக்கவில்லை; திரையை அப்படியே அவன் பக்கம் திருப்பினார்.

'ஆஸ்பத்திரியில கெடக்குறவனுக்கு இல்லைன்னு சொல்ற வாய் இது. இதால என் மக கல்யாணத்துல வாசகம் வேணாம். நாளைக்கு வரைக்கும் எதுக்கு, நீயே இப்ப எடுத்துடு.'

திட்டியிருந்தால் தேவலை. கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் இன்னும் தேவலை. அவர் போனை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தோரணம் கோணலாக இருக்கிறது என்று கையைக் காட்டுவதற்காக வாசலுக்குப் போய்விட்டார். டெரன்ஸ் அந்தக் குரலைத் தன் கையாலேயே அழித்தான். அழிக்கட்டுமா என்று போன் இரண்டு தரம் கேட்டது. கம்பெனி ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பூசையில் வாசகம் வாசித்தது மர்சலின் ஆன்ட்டி. இதுவரை மேடை ஏறாதவள். மீன்காரியிடம் பேரம் பேசுகிற குரலில், நிற்கக்கூடாத இடத்திலெல்லாம் நின்று வாசித்தாள். அங்கிள் பக்கத்தில் நின்று, வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் விரல் மேலே போய், நின்று, மெல்ல இறங்கியது. டெரன்ஸ் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பந்தியில் ஆன்ட்டி அவனுக்கு இன்னொரு பீஸ் மட்டன் வைத்தாள். அதையும் தின்றான்.

அந்த வருஷம் மறுகுரலுக்கு ஒரு விருது கிடைத்தது. மேடையில் அதை வாங்கியது டெரன்ஸ்தான். மனசாட்சிக்குக் கோட்டு வாடகை கம்பெனி கொடுத்தது.

மூன்று மாதம் கழித்து, பட்டப்பகலில், தி. நகர் பனகல் பார்க் சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. டெரன்ஸின் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. கம்பெனி ஊழியர்களுக்கெல்லாம் எங்கே காப்பீடு என்று சொல்லவேண்டியதில்லை. ஹெல்மெட்டுக்குள் அங்கிளின் குரல் மேலே போனது. விஷயம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருதரமாவது ட்யூப்லைட் நேரத்தோடு எரிந்தது. பீப் ஒலித்ததும் சண்டை போடவேண்டும் என்று தயாரானான். முதல் வார்த்தையைக்கூட நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டான். குரல் நின்றது. படிப்படியாக இறங்கியது. "...ஏற்கப்படவில்லை."

பீப்.

"இறைவா உமக்கு நன்றி" என்றது டெரன்ஸின் வாய்.

"தங்கள் சம்மதம்... பதிவு செய்யப்பட்டது" என்றார் ஆரோக்கியநாதன். சிக்னல் பச்சைக்கு மாறியிருந்தது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.