இதர என்னும் எட்டாவது கட்டம்

அலுவலகத்தில் அவளைச் சதுரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் எந்நேரமும் ஒரு மீட்டர் நீள அகலத்தில் ஒரு கம்பிச் சட்டம் இருக்கும். மூடிய அனல்மின் ஆலையின் சாம்பல்மேட்டில், நான்கு மூலைக்கும் இரும்புக் கம்பி நட்ட ஒரு துண்டு நிலம் அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை அங்கே போய், சட்டத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டு, உள்ளே இருக்கும் செடிகளை எண்ணி எழுத வேண்டும். பதினான்கு வருடமாக எண்ணுகிறாள். இதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று மாமியார் கேட்பதும் அதே பதினான்கு வருடமாக நடக்கிறது.

முதல் வருடம் எண்ண ஒன்றுமே இல்லை. சாம்பல், அதன்மேல் வெயில், அவ்வளவுதான். ஒரு மழைக்குப் பிறகு கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத பாசி ஒன்று படர்ந்தது. அது காய்ந்து உதிர்ந்து, மண் மாதிரி ஏதோ ஆனது. அந்த ஏதோவில் கோரை வந்தது. எருக்கு வந்து பஞ்சு பறக்கவிட்டது. தழையுரச் செடியான கொழிஞ்சி வந்து சாம்பலுக்கு வயிறாரச் சோறு போட்டது. மத்தியான வெளிச்சத்தில் பஞ்சு மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே எண்ணிக்கையைத் தவறவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

அந்த நேரத்தில்தான் நிபுணர் குழு ஒன்று குளிர்சாதன அறையில் நான்கு நாள் கூடிப் படிவம் தயாரித்தது. நிலத்தில் அன்றைக்கு இருந்த ஏழு செடிகளுக்கு ஏழு கட்டம். எட்டாவது கட்டம் ‘இதர.’ அது விரற்கடை அகலம். நிலம் இனிமேல் மாறாது என்று குழு நம்பியிருக்க வேண்டும். குழு மாறவில்லையே, நிலம் மட்டும் ஏன் மாறப் போகிறது?

நிலம் மாறியது. கொழிஞ்சி ஊட்டி வளர்த்த மண்ணில் புதர்கள் எழுந்தன. பறவைகள் புதரில் உட்கார்ந்து, வேறெங்கோ தின்ற பழத்தின் விதைகளைப் போட்டுவிட்டுப் போயின. மரக்கன்றுகள் தலைதூக்கின. நிழல் விழுந்தது. வெயிலை நம்பி வந்த ஏழு செடிகளும் ஒவ்வொன்றாக விடைபெற்றன. கடைசிக் கொழிஞ்சி பட்டுப்போன மாதம் சதுரக்கா வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. படிவத்தில் ஏழு கட்டத்திலும் பூஜ்யம் போட்டு, எட்டாவதில் பொடி எழுத்தில் முப்பத்தொரு பெயர்களை நெருக்கி எழுதினாள். தலைமையகத்துக் கணினிக்கு ‘இதர’வைக் கூட்டத் தெரியாது.

மூன்று வருடம் தொடர்ந்து பூஜ்யம் பார்த்த இயக்குநர் உத்தரவு போட்டார்: நிலம் உயிரற்றது, திங்கட்கிழமை உருளை இயந்திரம் விட்டுச் சமன்செய்து வாகன நிறுத்தமாக்குக.

சனிக்கிழமை காலை அவரே நேரில் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு அத்திமர நிழலில் வசதியாக நின்றுகொண்டு கோப்பைப் பிரித்தார். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் காசு காசாகச் சிந்தி அவர் வழுக்கையில் ஊர்ந்தது. எங்கோ ஒரு புறா, தூக்கத்தில் பேசுவதுபோல முனகியது.

“ஒரு செடிகூட இல்ல,” என்றார் வருத்தமாக.

“ஐயா, இது மரம்,” என்றாள் சதுரக்கா.

“பட்டியல்ல இருக்கா?”

“இதரல இருக்குங்க.”

“அறிவியல்னா எண்ணிக்கைம்மா. கண்ணு ஏமாத்தும்.”

பழம் ஒன்று விழுந்து பூஜ்யத்தின்மேல் நசுங்கியது. அவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேலே படித்தார். ஓட்டுநர் இருமுவதுபோல் சிரித்தார்.

திங்கட்கிழமை இந்த நிழல் இருக்காது. அவள் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல அசைந்தது.

“நிலத்தை மூடறதுக்கு நாலு கம்பியையும் கிடங்குல ஒப்படைச்சு ரசீது வாங்கணும்,” என்றார் இயக்குநர், விதிகளில் மட்டும் பிசகாதவர். “எடுங்க.”

மூன்று கம்பிகள் புதருக்குள் கிடைத்தன. நான்காவதைத் தேடி ஓட்டுநர் மண்டியிட்டுத் தவழ்ந்தார். கடைசியில் இயக்குநர் சாய்ந்திருந்த அத்தியிலேயே அது இருந்தது. அடிமரம் கம்பியை முக்கால்வாசி விழுங்கிவிட்டு, எண் பொறித்த நுனியை மட்டும் வெற்றிலைக் காம்புபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“வெட்டி எடுங்க.”

“வெட்டலாங்க,” என்றாள் சதுரக்கா. “ஆனா மரம் வெட்ட மனு போடணும். அதுல மரத்தோட பேரு, படிவத்துல எந்தக் கட்டம்னு கேப்பாங்க. இதரன்னு போட்டா ஏத்துக்க மாட்டாங்க.”

“அப்போ மரம் இருக்குன்னு எழுதிடுங்க.”

“எழுதினா நிலம் உயிரோட இருக்குன்னு ஆயிடுமேங்க. உத்தரவு நீங்க போட்டது.”

இயக்குநர் மரத்தைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். பிறகு பழச்சாறு பட்ட பக்கத்தின் ஓரத்தில் எழுதினார்: ‘நான்காவது கம்பி கிடைக்கும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.’ கம்பிக்கு இரண்டடி தள்ளி நின்று எழுதினார். ஜீப்புக்குப் போய் முன்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஓட்டுநர் முழங்காலைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “அக்கா, கம்பியைச் சுத்தி ஒரு சாணுக்குக் களை எடுத்து வைக்கணும்னு விதி இருக்குல்ல? இந்தக் கன்னு மொளைச்சப்பவே பிடுங்கியிருக்கணுமே. வேணும்னேதான் விட்டீங்களா?”

“நீ வேற, தம்பி. அப்போ எனக்கு எட்டாம் மாசம். குனிய முடியல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் பிரசவ லீவு.”

“பாப்பாவுக்கு இப்போ என்ன வயசு?”

“பதினொண்ணு. இது அவளைவிட நல்லாச் சாப்பிடுது.”

ஜீப்பில் குறட்டை கேட்டது. எழுப்ப இருவருக்கும் அவசரமில்லை. சதுரக்கா சட்டத்தை அத்தி நிழலில் வைத்துக் குந்தினாள். உள்ளே, ஈரச் சருகுக்கு நடுவில், நகத்தளவு இரண்டிலையோடு அவள் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று. எட்டாவது கட்டத்தில் இடமில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதத் தொடங்கினாள்.