நௌபஹாரின் முதுகு உயரம்

"பாலம் வேணாம்னா வேணாம்" என்றாள் நௌபஹார். உப்புத் தேநீரில் நனைத்த ரொட்டியை ஊட்டப் போன ஹாசிலின் கை பாதியிலேயே நின்றது.

நான்கு நாளாக அவளுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் வந்த மருத்துவர் கீழே நகரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவள் அசையவில்லை. இன்று காலை, இனி அவள் தேறமாட்டாள் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதனால்தான் ஹாசில் நோமுஸ் பேச்சை எடுத்திருந்தான். போகிறவர் பேரில் ஊருக்கு உதவும்படி எதையாவது கட்டும் நோமுஸ் அந்த மலையூரில் வழக்கம். வீட்டுக்காரர் ஆடு வெட்டிச் சாப்பாடு போடுவார், கல் சுமக்க ஊரே வரும். மெஹ்மான் தன் அப்பா பேரில் கட்டிய பாலத்தை ஹாசில் பதினோரு வருடமாக வயிற்றெரிச்சலோடு கடந்து வருகிறான். மனைவி பேரில் அதைவிட நீளமாக ஒன்று கட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

"எனக்கு ஒரு சுமைதாங்கி கட்டு. மேய்ச்சலுக்குப் போற வழியில, மூணாவது ஏத்தத்துல."

"அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கே!"

"இருக்கு. ஆம்பளைங்க கட்டினது, உங்க முதுகு உசரத்துக்கு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "சுமக்கிறது யாரு, நீயா நானா? முப்பத்தெட்டு வருஷமா முதுகுக் கூடையை அதுமேல வைக்க எக்கி எக்கியே என் இடுப்பு போச்சு."

ஹாசிலும் அந்தச் சுவரைக் கட்டியவன்தான். கல் அடுக்கி முடித்ததும் ஒவ்வொருவரும் முதுகைச் சாய்த்துப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிக்கொண்டார்கள். கோடை முழுக்க வெண்ணெயும் தயிர்க்கட்டியும் சுமந்து அந்த வழியில் இறங்குவது பெண்கள்தான் என்பது அன்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

"இத்தனை வருஷமா ஏண்டி சொல்லல?"

"நீ கேட்டியா, மனுஷா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. பத்து மணி வாக்கில், உழவுக்கு யாக் எருதுகளை ஓட்டிப்போகும் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவள் மூச்சு நின்றது. ஹாசில் வாய்விட்டு அழுதான்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அழுது ஓய்ந்தவர்கள் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மேய்ச்சலுக்கு மேலே கணவாயைத் தாண்டினால் சீனா. புதிதாகக் காவலுக்கு வந்த சிப்பாய் ஒருவன் ஒருமுறை அவளை நிறுத்தி அடையாள அட்டை கேட்டிருக்கிறான்.

"கூடையில அடியில கெடக்கு, எறக்கி எடுத்துக்கோன்னா" என்றான் மெஹ்மான். "அவன் ரெண்டு கையால தூக்கிப் பாத்தான், அசையல. சரி, நீங்க இந்த ஊர்தாம்மா, போங்கன்னுட்டான்!"

இழவு வீடு சிரித்தது. ஹாசிலும் சிரித்தான். மெஹ்மான் அவன் தோளைப் பிடித்தான்.

"அப்புறம், பாலம்தானே? கம்பிக்கு இப்பவே சொல்லிடவா? பேரைப் பெருசா எழுதிடலாம்."

நௌபஹார் சுமைதாங்கி கேட்டது ஹாசிலைத் தவிர யாருக்கும் தெரியாது. பாலம் என்று சொல்லிவிட்டால் பாலம்தான், ஊரே மெச்சும். சுமைதாங்கியில் பேர்ப்பலகை வைக்கக்கூட இடம் இருக்காது. அவனுக்கு வெட்கமாகவும் ஆசையாகவும் இருந்தது.

உள்ளே குளிப்பாட்டி முடித்து, நௌபஹாரின் தங்கை மஹ்ரூ ஒரு கயிற்றோடு வெளியே வந்தாள். அக்காவின் குதிகாலிலிருந்து அளந்து, தலைக்கு நேராக முடிச்சுப் போட்டிருந்தது. குழி வெட்டப் போகிறவர்களுக்கான அளவு.

ஹாசில் கயிற்றைக் கையில் நீட்டிப் பிடித்துப் பார்த்தான். இவ்வளவுதானா இவள்? வீட்டில் அவள் குரல்தான் எப்போதும் மேலே நின்றது. இத்தனை குள்ளம் என்று அவன் நினைத்ததே இல்லை.

"மஹ்ரூ, இன்னொரு முடிச்சுப் போடணும். குதிகால்லேர்ந்து, முதுகுல கூடையோட அடி வந்து நிக்குற எடம் வரைக்கும்."

மஹ்ரூ ஏன் என்று கேட்கவில்லை. அவளும் இருபது வருடம் சுமந்தவள். கயிற்றை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனாள்.

"குழிக்கு எதுக்குப்பா இடுப்பளவு?" என்றார் தொழுகை நடத்த வந்திருந்த கலீஃபா.

"குழிக்கு இல்ல கலீஃபா. சுமைதாங்கிக்கு. அவ கேட்டது."

மஹ்ரூ கொண்டுவந்த கயிற்றை மெஹ்மான் தன் உடம்போடு வைத்துப் பார்த்தான். "இவ்வளவு குட்டையாவா? பாக்கிறவன் சிரிப்பான்யா."

"சிரிக்கட்டும். அவனா சுமக்கிறான்?"

ஊர் கூடிக் கல் சுமந்து புதுச் சுமைதாங்கியைக் கட்டி முடித்தது. பத்தாம் நாள் பெண்கள் மேய்ச்சலுக்குக் கிளம்பினார்கள். ஆடுகள் முன்னே போயின. இந்த வருடம் ஹாசிலும் ஒரு மாவுக் கூடையைச் சுமந்துகொண்டு கூடவே ஏறினான். மூன்றாவது ஏற்றத்தில் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே ஒவ்வொருவராகத் திரும்பிப் புதுச் சுவரில் சாய்ந்தார்கள், வாரைத் தளர்த்தினார்கள். யார் வீட்டு ஆடு முதலில் ஈனும் என்ற சண்டை நடந்துகொண்டிருந்தது. சுவரைப் பற்றி ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்களும் எறக்குங்க, அத்தான்" என்றாள் மஹ்ரூ.

ஹாசில் முதுகைக் காட்டித் திரும்பி முழங்காலை மடக்கினான். கூடைக்குக் கல் தட்டுப்படவில்லை.

"இன்னும் கீழ."

இன்னும் மடக்கினான். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னும் கொஞ்சம், அத்தான். அக்கா உசரம் தெரியாதா உங்களுக்கு?"

அவன் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தான். கூடை கல்லில் உட்கார்ந்தது.