புதிதாக ஒன்றும் இல்லை

மலைச்சாலையில் பாறை விழுந்தது காலை எட்டரை மணிக்கு. ஒன்பது அடிப்பதற்குள் அறிவிப்பாளர் எண்பது விநாடிச் செய்தி ஒன்றைப் பதிவு செய்து ஓடவிட்டுவிட்டாள். பாறையை அகற்றும் வேலை நடக்கிறது. வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கவும். மாலை ஐந்து மணிக்கு அணையில் தண்ணீர் திறக்கப்படும், ஆகவே ஆற்றுப் படுகையில் போகும் பழைய மண்பாதையில் யாரும் இறங்க வேண்டாம். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி. அவசரத் தகவல் வானொலியின் வேலை அவ்வளவுதான். பாட்டு கிடையாது, பேட்டி கிடையாது. ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் எட்டவும் எட்டாது. ஆனால் கைபேசி எடுக்காத அந்த மலைப்பகுதிக்கு அதை விட்டால் வேறு வாய் இல்லை.

நெடுஞ்சாலைத் துறைக் கிடங்கின் பின்னால் ஒற்றை அறை. ஜன்னலுக்குப் பழைய கம்பளி, மேஜையில் ஒலிவாங்கி, சுவரில் உத்தரவுகள்: செய்தி மாறினால் மட்டுமே புதிய பதிவு, தனி ஆளுக்குச் செய்தி கூடாது. மூச்சு விடும் சத்தம் கேட்டால்கூட அவள் முதலிலிருந்து பேசுவாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அதைக் கேலி செய்வார்.

"குரலுக்குமா இஸ்திரி போடுவே?"

"கசங்கின செய்தியை யாருண்ணே கேப்பாங்க?"

அன்று அவள் மனது மட்டும் கசங்கித்தான் இருந்தது. அவளுடைய மாமனார், தன் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று, நீல வேனின் தலையில் தொட்டிலைக் கட்டிக்கொண்டு மலைமேல் வீட்டிலிருந்து ஏழு மணிக்கே கிளம்பியிருந்தார். பாறைக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார். நல்ல மனிதர். ஆனால் பொறுமைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படுகைப் பாதையோ அவருக்கு உள்ளங்கை ரேகை. பதினாறு வருடத்தில் மருமகள் சொல்லி அவர் ஒரு குடையைக்கூட எடுத்துப் போனதில்லை.

ஒன்றரை மணிக்குப் போக்குவரத்துக் காவலர் மோட்டார்சைக்கிளில் பாறையைச் சுற்றி இறங்கி வந்தார். கிடங்கின் தொலைபேசியில் இன்னொரு மண் அள்ளும் இயந்திரம் கேட்டுவிட்டு, இவள் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ரேடியோவ அங்க ஒருத்தரும் நம்பல."

"தப்பா எதுவும் சொல்லலையே."

"தப்பே இல்ல. அதான் தப்பு. காலைலேர்ந்து இருநூறு தடவை அதே பேச்சு. யாரோ டேப்பைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கங்கறாங்க. படுகைல இறங்க அஞ்சாறு வண்டி திரும்பி நிக்குது. நான் ஒத்த ஆள். பாறைகிட்ட நிப்பேனா, பாதைகிட்ட நிப்பேனா?"

"அதுல நீல வேன் இருக்கா? மேல தொட்டில் கட்டி..."

"அவருதான் தலைவர். வழி தெரியும், பின்னால வாங்கன்னு ஆள் சேக்கறாரு. தெரிஞ்சவரா?"

"மாமனார்."

காவலர் தலைக்கவசத்தை நிதானமாக மாட்டிக்கொண்டார். "சுறுசுறுப்பானவரு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவள் மணியைப் பார்த்தாள். படுகையில் பாதி வழி போய் வண்டி மணலில் புதைந்தால், ஐந்து மணித் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுரு. உத்தரவை நான் துணி போட்டு மூடிடறேன்," என்றார் மெக்கானிக்.

"நான் பேர் சொல்லித் தடுத்தா, அதுக்காகவே இறங்குவாருண்ணே."

"அப்ப புதுசா ஏதாவது சொல்லு."

"புதுசா என்ன இருக்கு? ஒண்ணும் இல்லையே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு ஒரு நர்ஸ் ஞாபகம் வந்தாள். கணவனுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று, அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து தலையை நீட்டி, "இன்னும் முடியலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவள். அதில் தகவல் எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடவுள் நமக்குச் செய்வதில் பாதி இந்த மாதிரி ஆட்களைக் கொண்டுதான் செய்கிறார்.

பதிவை நிறுத்தினாள். ஒலிவாங்கியை நேராகத் திறந்தாள்.

"இப்ப மணி ஒண்ணே முக்கால். புதுசா ஒண்ணும் இல்லைங்க. பாறை அங்கேயேதான் இருக்கு, நானும் இங்கேயேதான் இருக்கேன். ரெண்டாவது மெஷின் டீசல் போட்டுக்கிட்டு இருக்காம். அஞ்சு மணிக்கு ஆத்துல தண்ணி வர்றது நிச்சயம், படுகைல இறங்காதீங்க. ரெண்டு மணிக்கு மறுபடி பேசறேன்."

நடுவில் இருமல் வந்தது. மெக்கானிக்கின் கை விசையை நோக்கிப் போனது. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நன்றாகவே இருமினாள்.

இரண்டு மணிக்கு: மெஷின் கிளம்பியாச்சு. இரண்டேகாலுக்கு: ஒன்றும் இல்லை. இரண்டரைக்கும் ஒன்றும் இல்லை. தண்ணீர் வைத்திருப்பவர்கள் பக்கத்து வண்டிக்கும் ஒரு வாய் கொடுங்கள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே ஓரமாக இருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை பேசினாள். இடையில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். ஐந்து மணிக்கு அணைச் சங்கு ஊதியது. படுகை நிறைந்து ஓடும் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. நீல வேனைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. ஐந்தேகாலுக்கும் பேசினாள், குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

ஆறு மணிக்குச் சாலை திறந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் கிடங்கு வாசலில் நீல வேன் வந்து நின்றது. டயரில் ஈரம் இல்லை. அவள் முதலில் பார்த்தது அதைத்தான்.

மாமனார் இறங்கி வந்து, அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "இந்தப் பொட்டிக்குள்ளேர்ந்துதான் பேசறியா?"

"நீங்க படுகைல இறங்கலையா மாமா?"

"இறங்கத்தான் போனேன். ரெண்டு மணிக்கு வரேன்னே. சரி, நீ என்னதான் சொல்றேன்னு கேட்டுட்டுப் போலாம்னு நின்னேன். அப்புறம் ரெண்டேகால்னே."

"நான்தான் ஒண்ணும் இல்லைன்னேனே."

"அதாம்மா. ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கே ஒருத்தி மெனக்கெட்டு வந்து வந்து பேசறா. பாதிப் பேச்சுல எழுந்து போனா நல்லாவா இருக்கும்? ஒரு லாரிக்காரன் போகப் பாத்தான். வேனைப் பாதைக்குக் குறுக்கால போட்டுட்டேன். என் மருமக பேசிட்டிருக்கா, கேட்டுட்டுப் போய்யான்னேன்."

மெக்கானிக் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவள் ஜன்னல் கம்பளியை விலக்கி வெளியே பார்த்தாள்.

"கிளம்புங்க மாமா, இருட்டறதுக்குள்ள போயிடலாம். அண்ணி காத்திருப்பாங்க."

அவர் ஓரத்தில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ சாப்பிடு. அப்புறம் போறேன்."