ஊர்ப் பெயரை எழுதக் கூடாது

எர்சிலியா பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பங்குக் கோயிலின் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது நாற்காலிகள் நிரம்பிவிட்டன. சுவரோரம் கிடந்த டேபிள் டென்னிஸ் மேசையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவன் கார்மினே. அவளுடைய சித்தி மகன், அவளைவிட நான்கு வயது இளையவன், செர்ராவோல்பே ஒயின் சங்கத்தின் தலைவன். அவனுக்குப் பின்னால் சுவரில் ஊர் வரைபடம் தொங்கியது. அதில் சிவப்பு மையால் ஒரு கோடு மலையைச் சுற்றி வந்தது.

அந்தக் கோட்டுக்குள் விளைந்த அல்லியானிக்கோ திராட்சையில் எடுத்த ஒயினுக்கு மட்டும்தான் செர்ராவோல்பே என்ற ஊர்ப் பெயர் உண்டு. அப்படித்தான் அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டத்தை வாங்குவதற்காக ரோமுக்குப் போய்ப் படியேறி இறங்கியவர்களில் எர்சிலியாவின் அப்பாவும் ஒருவர். கோட்டுக்குக் கீழே, நெடுஞ்சாலையை ஒட்டிய சமவெளியில், சோளமும் தக்காளியும்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு வருடங்களுக்கு முன் வடக்கிலிருந்து ஒரு கம்பெனி வந்து அந்த நிலத்தை வளைத்துப் போட்டுத் திராட்சை நட்டது. இப்போது கார்மினே, அந்தச் சிவப்புக் கோட்டை நெடுஞ்சாலை வரை இறக்கிவிடலாம் என்றான். பெயர் பெரிதாகும், பாட்டில்கள் பெருகும், பிள்ளைகள் பிழைப்புத் தேடி ஜெர்மனிக்கு ஓட வேண்டியதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனான். நன்றாகத்தான் பேசினான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு வாய் உண்டு.

எர்சிலியா எழுந்து, கீழே விளைவது செப்டம்பரிலேயே கொழுத்துப்போய் அறுப்புக்கு வந்துவிடுகிறது, நாம் மட்டும் நவம்பர் குளிரில் விரல் விறைத்து அறுக்கிறோம், இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர் வைப்பீர்கள் என்று கேட்டாள். சிலர் தலையாட்டினார்கள். ஆனால் சங்கத்தில் தலைக்கு ஒரு ஓட்டு என்பது இல்லை. யார் எவ்வளவு ஒயின் எடுக்கிறார்களோ அந்த அளவுக்கு ஓட்டு. கம்பெனி மலைமேலும் ஏற்கெனவே கொஞ்சம் தோட்டங்களை வாங்கிப் போட்டிருந்தது. கை தூக்குவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது.

"அப்போ என் தோட்டத்த எடுத்துடு. நான் இதுல இல்ல" என்றாள் எர்சிலியா.

கார்மினே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, கோவத்துல பேசாத. வெளிய போயிட்டா நீ பாட்டில்ல ஊர் பேர எழுத முடியாது."

"நான் பொறந்த ஊர் பேர எழுத ஒன்கிட்ட கேக்கணுமா?"

"என்கிட்ட இல்ல, சட்டத்துகிட்ட."

"அந்தச் சட்டத்துக்கு அலைஞ்சது எங்கப்பன்டா. ஒங்கப்பன் அப்போ வெனிசுவேலால செங்கல் தூக்கிட்டிருந்தாரு."

கூடத்தில் ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது. எர்சிலியா கதவைச் சாத்தாமலே வெளியேறினாள்.

அந்த வருட அறுவடையை அவள் வெறும் சிவப்பு ஒயின் என்றுதான் பதிவு செய்தாள். கணவன் வீத்தோ தடுக்கவில்லை. கொத்து வேலை பார்ப்பவன், அதிகம் பேசமாட்டான். "நீ முடிவு பண்ணிட்ட. இனி நான் எங்க நிக்கணும்னு சொல்லு, அங்க நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

மே மாதம் பாட்டிலில் அடைத்தார்கள். கார்மினே பயமுறுத்துகிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். லேபிளில் பெரிதாக ஒன்றும் போடவில்லை. சிவப்பு ஒயின், எர்சிலியா பெத்ரில்லோ, அதற்குக் கீழே பொடி எழுத்தில் முகவரி, அவ்வளவுதான். முகவரியில் ஊர்ப் பெயர் இருந்தது. இல்லாமல் எப்படி முகவரி எழுதுவது?

ஜூனில் ஆய்வாளர் வந்தாள். லுப்போலி என்று பெயர், முப்பது வயதுக்குள் இருக்கும், செருப்பு மண்ணாவதைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக நிலவறைக்குள் இறங்கினாள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். முகவரியில்கூட அந்தப் பெயர் வரக் கூடாது, அஞ்சல் எண்ணை மட்டும்தான் போடலாம், பார்ப்பவர்கள் இதைச் செர்ராவோல்பே ஒயின் என்று நினைத்துவிடக் கூடாது என்று பொறுமையாக விளக்கினாள்.

"ஆனா இது செர்ராவோல்பேல எடுத்த ஒயின்தானே?" என்றாள் எர்சிலியா.

"எடுத்த ஊர் அதுதான் மேடம். ஆனா அந்த ஒயின் இல்ல."

"தக்காளிக் காட்டுல எடுத்தா அந்த ஒயினா?"

லுப்போலி, லேபிள்களைக் கிழித்தெடுக்கும் வரை ஒரு பாட்டிலும் வெளியே போகக் கூடாது என்று அடுக்குகளைச் சுற்றி நாடா ஒட்டிவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை என்று எர்சிலியாவுக்குத் தோன்றியது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

துணி துவைக்கும் கல்தொட்டியில் வெந்நீர் ஊற்றி, அவளும் வீத்தோவும் பாட்டில்களை ஊறப்போட்டுக் கத்தியால் சுரண்டினார்கள். பசை நல்ல பசை. ஒரு வாரம் சுரண்டியதில் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. வீத்தோ ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "பேரில்லாம பாத்தா அழகாத்தான் இருக்கு. ஒன்னக் கட்டிக்கும்போதே ஒன் பேரயும் சுரண்டியிருக்கலாம், தலைவலி இருந்திருக்காது" என்றான். அவள் ஈரக் கையால் அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

புது லேபிளில் அஞ்சல் எண் மட்டும் வந்தது. கடைக்காரர்கள் வாங்க யோசித்தார்கள். பாட்டிலின் கழுத்தில் அரசாங்க முத்திரைத் துண்டு இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, யாருக்கு என்னவென்று சொல்லி விற்பது என்றார்கள். சரி, நானே விற்றுக்கொள்கிறேன் என்று எர்சிலியா ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஓரத்தில் மேசை போட்டாள்.

அவளுடைய தோட்டம் சாலை முதன்முதலாக வளையும் இடத்தில் இருந்தது. ஊர் அங்கேதான் தொடங்குகிறது. அங்கே நகராட்சி நட்ட பெயர்ப் பலகை நின்றது, வெள்ளையில் கறுப்பு எழுத்தில், செர்ராவோல்பே என்று. மேசையை அதற்குப் பக்கத்தில் போட்டதற்கு நிழல்தான் காரணம் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அங்கே இருந்தது ஒரு அத்திமரம், நிழல் இருந்தது உண்மைதான். ஆனால் மேசைக்குப் பின்னால் நின்ற அவளுடைய தலைக்கு மேல் ஊர்ப் பெயர் இருந்ததும் உண்மை. சலேர்னோவிலிருந்தும் நேப்பிள்ஸிலிருந்தும் மலையேற வருகிறவர்கள் காரை நிறுத்தினார்கள். ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். பாட்டிலைப் பலகையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் ஞாயிறு சாப்பாட்டு நேரத்துக்குள் மேசை காலியாகிவிட்டது.

கார்மினே புகார் கொடுத்தான். லுப்போலி மறுபடி வந்தாள். மேசையைப் பார்த்தாள், மேசைக்கால்கள் எர்சிலியாவின் மண்ணில் இருப்பதைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், கடைசியாக நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். கொடுத்த ஒயினைத் தொடாமல் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள்.

"ஒயினப் பாக்கத்தான் என்னை அனுப்புறாங்க. ரோட்டுப் பலகை என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பது எர்சிலியாவுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கார்மினே மேயரைப் பார்த்தான், மேயர் சாலைக்காரர்களைப் பார்த்தார். ஜூலையில் ஒரு காலை, தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனவள் பலகை இருந்த இடத்தில் இரண்டு குழிகளைப் பார்த்தாள். பலகை மேலே, மாதா சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் நடப்பட்டிருந்தது. போக்குவரத்துப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். மருந்துத் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு அவள் வெகு நேரம் அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டிலிலிருந்து ஊரைச் சுரண்டச் சொன்னார்கள், சுரண்டினாள். இப்போது அவள் காலடியிலிருந்தே ஊரை உருவிவிட்டார்கள். தெளிப்பானை மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டு, விட்ட வரிசையிலிருந்து தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் மேசை போட்டாள். கார்கள் நிற்காமல் போயின. அன்று அவளிடம் வந்த ஒரே ஆள் ரொட்டிக்கார அசுந்தா. வளைவுக்கு எதிரே அவளுடைய அடுப்பும் கடையும் இருந்தன. கார்மினேயின் மனைவிக்கு அக்காள் முறை, இந்தத் தகராறு தொடங்கியதிலிருந்து எர்சிலியாவுக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்தியிருந்தாள்.

"ஒன்னால என் அடுப்பு ஊருக்கு வெளிய போயிருச்சு" என்றாள் அசுந்தா.

"பலகையப் பிடுங்கினது நானா?"

"என் ரொட்டிப் பையில செர்ராவோல்பே ரொட்டின்னு அச்சடிச்சிருக்கேன். இப்போ ஒருத்தன் வந்து கேக்குறான், அதையும் சுரண்டப் போறியான்னு."

"சுரண்டுறதுன்னா வெந்நீர்ல ஊறப்போடு. கையில எண்ண தடவிக்க."

அசுந்தா முறைத்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் கிடந்த பெட்டியில் உட்கார்ந்து ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தாள். சிற்றாலயத்துக்குக் கீழே இருக்கும் வீடுகள் எல்லாமே கொதித்துப்போயிருக்கின்றன என்றாள். ஊருக்குள் இருந்தவர்களைக் கார்மினே ஒரே நாளில் வழிப்போக்கர்களாக்கிவிட்டான் என்று அவளுடைய புருஷன் ஜெராவாசியோ காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறானாம். "அதவிடு. சாமி ஊர்வலம் எங்க திரும்பும்?" என்று கேட்டாள்.

எர்சிலியாவுக்கு அது தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் ஏழு புனித தொனாத்தோவின் நாள். நான்கு பேர் சுமக்க, பேண்டு வாத்தியம் பின்னால் வர, புனிதர் ஊர் எல்லை வரை இறங்கி வருவார். வளைவில் நின்று திராட்சைக் கொடிகளைப் பார்த்து ஆசி தந்துவிட்டுத் திரும்புவார். இந்த வருடம் எல்லை மேலே போய்விட்டதால் சிற்றாலயத்திலேயே திரும்பிவிடலாம் என்று விழாக் குழு பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தது. விழாக் குழுவிலும் கார்மினேதான் தலைவன். சுமக்கிற நால்வரில் முன்வரிசை வலத் தோள் அவனுடையது.

அன்று எர்சிலியா மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தாள். பாட்டில்களைத் திறந்து வைத்தாள். வருவார்களா மாட்டார்களா என்று அவளுக்குத் தெரியாது. வராவிட்டாலும் அங்கேதான் நிற்பது என்று முடிவு செய்திருந்தாள். சிற்றாலயத்துக்குக் கீழே குடியிருக்கும் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து சாலையோரம் நின்றார்கள். மேலே பேண்டு சத்தம் நெருங்கி வந்தது, சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு சத்தமே இல்லை.

அங்கே நடந்ததை ஜெராவாசியோ பிறகு பல முறை சொன்னான், சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னான். சாமியார் திரும்பச் சொல்லிக் கை காட்டினார். கார்மினே திரும்ப முயன்றான். பின்னால் இடத் தோள் கொடுத்திருந்த ஜெராவாசியோ திரும்பவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும் திரும்பவில்லை. முன்னால் கார்மினேவுக்கு இணையாக நின்றவனோ கீழ்த்தெருக்காரன். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பேர் கீழே நடக்கத் தொடங்கினார்கள். கார்மினே தோளை உருவியிருந்தால் புனிதர் தரையில் விழுந்திருப்பார். அவன் நடந்தான்.

வளைவில் முதலில் பேண்டுச் சத்தம் திரும்பக் கேட்டது, பிறகு புனிதரின் பொன்முலாம் தலை தெரிந்தது. கீழ்வீட்டுப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அழக் கூடாது, கார்மினே முன்னால் அழக் கூடாது என்று எர்சிலியா பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு குழிகளுக்கும் நடுவே சிலையை இறக்கினார்கள். சாமியார் கொடிகளின்மேல் தீர்த்தம் தெளித்தார். அந்த வாரம்தான் காய்கள் ஒன்றிரண்டாகக் கறுக்கத் தொடங்கியிருந்தன.

அவள் நால்வருக்கும் ஊற்றினாள். கார்மினே கோப்பையை வாங்கிக்கொண்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, தோளில் கட்டை அழுத்திய தடம் தெரிந்தது. குடித்தான்.

"நல்லாருக்கு" என்றான். "பலகைய மறுபடி இங்கயே நட்டுடுறேன். நான் போட்ட புகாரயும் வாபஸ் வாங்கிக்கிறேன். நீயும் உள்ள வந்துடு அக்கா. ஒன் பாட்டில்ல பேரு வேணும்."

"கோடு?"

"கோடு கோடுதான். அது முடிஞ்ச கதை."

"அப்போ நானும் முடிஞ்ச கதை. பலகை வரட்டும், அது அசுந்தாவுக்கு வேணும். நான் வரல."

"பிடிவாதம் பிடிக்கிற. எத்தன வருஷத்துக்கு இப்படி நம்பரப் போட்டு விப்ப?"

"கீழ விளையிறது கீழ இருக்குற வரைக்கும்."

அவன் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்த் தோள் கொடுத்தான். ஏற்றத்தில் அவன்தான் அதிகம் திணறினான் என்பதை அவள் கவனித்தாள். பாவமாகவும் இருந்தது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

செப்டம்பரில் பலகை பழைய இடத்துக்கு வந்தது. அதே மாதம் சமவெளியில் இயந்திரங்கள் இறங்கி நான்கைந்து நாளில் அறுத்து முடித்தன. அந்த ஒயின் இனி ஊர்ப் பெயரோடும் கழுத்தில் முத்திரையோடும் போகும். எர்சிலியாவின் நிலவறையில் பாதிக்கு மேல் விற்காமல் கிடந்தது. குளிர்காலத்தில் மேசை போட முடியாது. பள்ளிப் பேருந்துச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் சமாளித்தார்கள். மலைமேலிருந்து இன்னும் இரண்டு குடும்பங்கள் சங்கத்தை விட்டு விலகப் போவதாகப் பேச்சு வந்தது. ஒரு குடும்பம் விலகியது. இன்னொன்று கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது. எர்சிலியா அவர்களைக் குறை சொல்லவில்லை.

நவம்பரில் அவள் அறுத்துக்கொண்டிருந்தபோது நேப்பிள்ஸிலிருந்து ஓர் உணவகக்காரர் போன் செய்தார். ஆகஸ்டில் திருவிழாவுக்கு வந்தபோது வாங்கிப்போனவர், இன்னும் சில பெட்டிகள் வேண்டும் என்றார். மெனுவில் எந்த ஒயின் என்று போடுவது என்று கேட்டார். எர்சிலியா கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு, மரத்துப்போன விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றினாள்.

"சிவப்பு ஒயின்னு போடுங்க. என் பேரப் போடுங்க. எங்கேருந்து வருதுன்னு யாராவது கேட்டா, அவங்க காதுல நீங்களே சொல்லிடுங்க. அதுக்கு இன்னும் சட்டம் வரல."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வீத்தோ கூடை நிறைந்துவிட்டதென்று குரல் கொடுத்தான். எதிர்மலையில் அந்த வருடத்தின் முதல் பனி விழுந்திருந்தது. பள்ளி விடுவதற்குள் இந்த வரிசையை முடித்துவிட வேண்டும் என்று அவள் அடுத்த கொடியைப் பிடித்தாள்.