கவுண்டர் மூடியிருக்கிறது

விடுமுறை நாள் காலையில் மகன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, இன்னைக்கு நீ ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. சமையல் முழுக்க என் பொறுப்பு" என்று அறிவித்தான். விசாரணையம்மாவுக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், முழங்கால் இரண்டும் தாமாகவே மடங்கிக்கொண்டன. சாப்பாட்டு மேசையில் எப்போதும் விருந்தாளிகள் உட்காரும் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணையம்மா என்பது பஸ் நிலையம் அவளுக்கு வைத்த பெயர். ஓய்வு பெறும்வரை அங்கே விசாரணைக் கவுண்டரில் இருந்தாள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்கக்கூடிய அத்தனை கேள்விகளையும் அந்தக் கம்பி ஜன்னல் வழியாகக் கேட்டு முடித்தாயிற்று. பஸ் எப்போது என்று கேட்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் தொலைந்த குடை எங்கே, கோபித்துக்கொண்டு போன மனைவி எந்த பஸ்ஸில் ஏறினாள், இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டவர்கள். விடுமுறை நாளில் வரிசை நிலையத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிடும். அதன் வால் எங்கே என்று விசாரிக்கவே தனியாக ஒரு வரிசை நிற்கும்.

அந்த வரிசைக்கு நடுவில்தான் அவள் சாப்பாடு. ஒரு வாய் சோறு, ஒரு பஸ். இன்னொரு வாய், இன்னொரு பஸ். கடைசி வாய்க்கு வரும்போது டப்பாவில் இருப்பது சோறா ஐஸா என்று தெரியாது. ஓய்வு பெற்ற பிறகாவது உண்டா என்றால், வீட்டில் எல்லாருக்கும் போட்டு, இரண்டாம் தரம் போட்டு, தண்ணீர் வைத்து, அவள் உட்காரும்போது குழம்பில் ஆடை படிந்திருக்கும். சூடான விடுமுறைச் சாப்பாட்டை அவள் சமைத்திருக்கிறாள், பரிமாறியிருக்கிறாள், அடுத்தவர் தட்டில் பார்த்திருக்கிறாள். சாப்பிட்டதுதான் இல்லை. உட்கார்ந்த இடத்துக்கு ஆவி பறக்கத் தட்டு வர வேண்டும், நடுவில் எழுந்திருக்காமல் தின்று முடிக்க வேண்டும். உலகத்திடம் அவள் பாக்கி வைத்திருந்த ஆசை இவ்வளவுதான்.

"அம்மா, உப்பு எங்கே?"

நாற்காலி இன்னும் அவள் உடம்புச் சூட்டைக்கூட வாங்கியிருக்கவில்லை.

"அடுப்புப் பக்கத்துல, வெள்ளை டப்பா."

"எந்த அடுப்பு?"

வீட்டில் இருப்பது ஒரே அடுப்பு. மகனோ பெரிய கிடங்கு ஒன்றின் மேனேஜர். நானூறு பேர் அவன் கைக்குக் கீழே. எந்தப் பெட்டி எந்த அலமாரியில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கொட்டாவிகூட விடாமல் சொல்வான். பிறந்து வளர்ந்த வீட்டில் உப்பைக் கண்டுபிடிக்க மட்டும் அவனுக்கு வழிகாட்டி வேண்டியிருந்தது. குறை சொல்லவும் வழியில்லை, அது அப்பன் வாகு. அவள் கணவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்த வீட்டு மீட்டர் எந்தத் தொட்டிக்குப் பின்னால், எந்த நாய்க்குப் பக்கத்தில் என்று இன்றைக்கும் சொல்வார். சொந்த வீட்டில் டம்ளர் எங்கே என்று கேட்டால் விழிப்பார்.

"அம்மா, கோழியை எந்தக் கத்தியால வெட்டணும்?"

"பெரிய கத்தி."

"அம்மா, இதுல எது பெரிசு?"

"அம்மா, உருளைக்கிழங்கை உரிச்சிட்டு வெட்டணுமா, வெட்டிட்டு உரிக்கணுமா?"

"அம்மா, தண்ணி கொதிச்சிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"அதுவே வந்து சொல்லும்டா" என்றாள். பஸ் நிலையத்துக் குரல் தன்னையறியாமல் வந்துவிட்டது. தொண்டை அதற்குள் கட்டத் தொடங்கியிருந்தது.

கரண்டி எங்கே என்ற கேள்விக்கு அவள் வாய் பதில் சொல்லவில்லை. கால்தான் சொன்னது. எழுந்து நடந்து சமையலறை நிலைப்படியில் ஒரு பாதத்தை வைத்தே விட்டாள். அப்படியே நின்றாள். அவளுக்கா தெரியாது? இன்னொரு பாதமும் உள்ளே போனால் கரண்டி கையில் ஏறும். கரண்டி ஏறினால் கோழியைக் கொஞ்சம் திருப்பிவிடத் தோன்றும். பிறகு மகன், "நீயே செஞ்சா நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியோடு சோபாவுக்குப் போவான். அடுத்த விடுமுறைவரை குழம்பில் ஆடைதான்.

வைத்த பாதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, படுக்கையறையில அந்தப் பலகை தொங்குதே, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

"எந்தப் பலகை? எங்கே இருக்கு?" என்றார் கணவர். அவர் தினமும் சட்டை மாட்டுவதே அதன் மேல்தான்.

அவளே போய் எடுத்துவந்தாள். ஓய்வு பெற்ற நாளன்று கூட வேலை பார்த்தவர்கள் கழற்றிக் கொடுத்த மரப்பலகை. 'கவுண்டர் மூடியிருக்கிறது' என்று பெரிய எழுத்தில் இருக்கும். தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து, சமையலறையைப் பார்க்கும்படி மேசையில் நிறுத்தினாள்.

"அம்மா, மிளகுத் தூள்..." என்று எட்டிப் பார்த்த மகன் பலகையைப் பார்த்தான். "என்னம்மா இது?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"படிக்கத் தெரியாதா? மூடியாச்சு" என்றார் கணவர்.

"அப்ப நான் யாரைக் கேக்கறது?"

அவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். எத்தனை வருஷமாக இந்தப் பதவிக்காகக் காத்திருந்தாரோ. "என்னைக் கேளு."

"மிளகுத் தூள் எங்கேப்பா?"

"இடது பக்கம்."

"பெரிய பாத்திரம்?"

"அதுவும் இடது பக்கம்தான். கொஞ்சம் மேல."

தடதடவென்று விழும் சத்தம். பிளாஸ்டிக் மூடிகள், அத்தனையும். அவள் எழுந்து பார்க்க வேண்டியதே இல்லை. கீழ் இழுப்பறை ஒரு மாதிரி முனகும், மேல் கதவு ஒரு மாதிரி அலறும். அது இல்லடா, அதுக்குப் பக்கத்துக் கதவு என்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. டம்ளரை எடுத்து, தண்ணீரோடு சேர்த்து அந்தப் பதிலை விழுங்கினாள். ஒரு வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்னபோதுகூட இத்தனை களைப்பு இருந்ததில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது தெரு முழுக்கப் பெருக்குவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

பிறகு கருகல் வாசனை வந்தது.

"அப்பா, ஒரு மாதிரி வாசனை வருதே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் வரும்" என்றார் கணவர், இடம் மாறி உட்கார்ந்துகொண்டே.

ஊரிலுள்ள தீயணைப்பு வண்டிகள் எல்லாம் கிளம்பி வாசலுக்கு வந்துவிடும்போல இருந்தது புகை. அவள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூக்கும் மூடித்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

"அம்மா!"

இது கேள்வியில்லை. ஐந்து வயதில் மாடிப்படிக் கம்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்தினானே, அதே குரல். கேள்விகளுக்குத்தான் பலகை. இதற்கு எந்தப் பலகையை வைப்பது? அவள் முக்கால்வாசி எழுந்துவிட்டாள். சாப்பாடு, ஆவி, ஆசை எல்லாம் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு நாற்காலியைத் தள்ளியும் விட்டாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! சட்டி விழப் பாத்துச்சு, பிடிச்சிட்டேன்!" என்றது உள்ளேயிருந்து.

முழங்கால்கள் நன்றி சொல்லிக்கொண்டு மடங்கின.

மத்தியானச் சாப்பாடு தேநீர் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மகன் முகத்தில் கரி, தோளில் ஈரத் துண்டு. கோழி வெளியே அடுப்புக்கரி, உள்ளே போனால் கோழி. உருளைக்கிழங்கை எறிந்தால் மாங்காய் விழும். குழம்பில் கரண்டி யாரும் பிடிக்காமல் தானே நின்றது. ஆனால் ஆவி! தட்டை அவள் முன்னால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. எதிரில் கணவரும் தெரியவில்லை, மகனும் தெரியவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் வாயிலேயே நாக்கு சுட்டது. சுடட்டும் என்று அடுத்த வாயை எடுத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

பலகை நின்றுகொண்டிருந்தது. அவள் மென்றாள்.

"அப்பா, அம்மாவுக்குப் பிடிச்சிருக்கா?"

"கண்ணாடியில ஆவிடா. முகமே தெரியல." சொல்லிவிட்டு அவர், "கூஜா காலி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார்.

மகன் போய்க் கொண்டுவந்தான். உட்காரப் போனான். "உப்பு." போனான். உட்காரப் போனான். "இன்னும் கொஞ்சம் குழம்பு, அந்தக் கருகாத பக்கமா பாத்து." போனான். கடைசியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தவன், அப்படியே நிறுத்தினான்.

"ஆறிப்போச்சு" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

விசாரணையம்மா அப்போது கடைசி வாயில் இருந்தாள். அதிலும் சூடு மிச்சமிருந்தது. நிதானமாக அதை முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மகனைப் பார்த்தாள். காதில் ஒரு உருளைக்கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது. எட்டி அதை எடுத்துப் போட்டாள். பலகையைக் குப்புறக் கவிழ்த்தாள்.

உடனே முன்னால் சாய்ந்தான். "சொல்லும்மா. எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சு."

நானூறு பேருக்கு மேனேஜர், மெடல் வாங்கிய பையனைப்போல் சிரித்தான்.

"ராத்திரிக்கு என்ன?" என்றார் கணவர்.

அவள் மேசையைப் பிடித்து எழுந்தாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மகன் பக்கமாகக் கட்டைவிரலைக் காட்டி, "அடுத்த கவுண்டர்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போய்விட்டாள்.

தலையணையில் சாய்ந்தபோது சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. "அப்பா, பாத்திரம் கழுவுற சோப்பு எங்கே இருக்கு?"

"இடது பக்கம்."

அது வலது பக்கம், ஜன்னல் விளிம்பில் இருந்தது. விசாரணையம்மா போர்வையைக் காதுவரை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.